புல் தின்ற நந்தியும் பதில் வராத பிரார்த்தனையும்



பிரார்த்தனைக்குப் பலன் உண்டா, உண்டு என்பார்க்கு அதனை நிரூபிக்கும் கடமை உண்டா, இல்லை என்பார் தம் மறுப்பை எந்தப் பிரமாணத்தின்மேல் நிறுத்துகிறார் என்னும் விசாரணை, நம் கோயில் வீதிகளில் திருவிழா இரவுகளிலே நகைச்சுவைப் பட்டிமன்றமாகவும், வயல்வாடியிற் காவல் இருப்போரின் நள்ளிரவுப் பேச்சாகவும், வைத்தியசாலை வாங்கில் அமர்ந்து உள்ளேயிருந்து வரும் செய்திக்குக் காத்திருப்போரின் மௌனமான தர்க்கமாகவும் நெடுங்காலம் நடந்துவருவது. இதனை மேனாட்டு விஞ்ஞானம் நமக்கு இறக்குமதி செய்த நாத்திகம் என்று பக்தர் சிலரும், பக்தரின் வாயை அடைப்பதற்குத் தமக்கு மட்டுமே வாய்த்த ஆயுதம் என்று பகுத்தறிவாளர் சிலரும் கருதுகின்றனர். இரு சாராரும் இந்த மண்ணின் பழைய கதைகளைச் சற்று ஊன்றிக் கேட்டிருப்பின் அவ்வாறு கருதியிரார் என்பது என் துணிபு. ஏனெனில், தெய்வத்தின் சந்நிதியிலேயே சாட்சியம் கேட்ட கதையும், சாட்சியத்தைக் கையிலேந்தி அரச சபையில் வழக்காடிய தெய்வமும் இம்மண்ணுக்கே உரிமையாக இருக்கின்றன.

முதலில், நம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கதையைச் சொல்லுகிறேன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் வரலாறாக நம் முதியோர் சொல்லிவருவதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1628ஆம் ஆண்டிலே புளியந்தீவிற் கோட்டை கட்டிக்கொண்டு, பத்தே ஆண்டுகளில் அதனை ஒல்லாந்தரிடம் இழந்துபோன போர்த்துக்கேயரின் தளபதி ஒருவன், கோயில்களை இடித்துக்கொண்டு வந்த வழியிலே இவ்வாலயத்தின் வாயிலில் நின்று, அங்கிருந்த கல் நந்தியைச் சுட்டி, இது புல்லுத் தின்னுமா என்று பரிகாசமாகக் கேட்டான் என்றும், குருக்கள் அஞ்சி நடுங்கி இறைவனை வேண்டிப் புல்லை நீட்ட, கல் நந்தி எழுந்து நின்று அப்புல்லைத் தின்று சாணமும் இட்டது என்றும், அதனைக் கண்ட தளபதி ஆலயத்தைத் தொடாமற் போய்விட்டான் என்றும் கதை சொல்லுகிறது. வந்தவன் ஒல்லாந்தனே என்று சொல்லுவாரும் உளர்.

இக்கதையை ஆக்கியோரின் நியாய உணர்ச்சியை நான் வியக்கிறேன். தெய்வத்தைச் சோதிக்கலாகாது என்று அந்தக் குருக்கள் உபதேசம் செய்யவில்லை. நம்பிக்கை உள்ளவனுக்கே காட்சி கிடைக்கும் என்று தப்பிக்கொள்ளவும் இல்லை. பகைவனின் வினா வினாவாகவே ஏற்கப்பட்டு, அவன் கேட்ட முறையிலேயே, அவன் கண்ணெதிரிலேயே விடையளிக்கப்பட்டது. அதனினும் நுட்பமானது அந்தச் சாணம். புல் தின்றதாகக் கண்டவர் கண் மயங்கியிருக்கலாம். சாணமோ, நிகழ்ச்சி முடிந்த பின்னரும் பிறர் வந்து பார்க்கக் கூடியதாகக் கிடக்கும் தடயம். நிகழ்ந்த ஒன்று தன் பின்னே ஒரு தடயத்தை விட்டுச் செல்லவேண்டும் என்னும் எண்ணம், கதை சொன்ன கிராமத்து மனிதரின் உள்ளத்திலே தெளிவாக இருந்திருக்கிறது. கேட்கும் பிள்ளைகள் அவ்விடத்திலே விழுந்து விழுந்து சிரிப்பதும் கதைக்கு உரியதே. அந்தச் சிரிப்பினாற் பக்திக்குக் குறைவு வந்ததாக எந்தக் கிழவியும் எந்தப் பிள்ளையையும் கண்டித்ததில்லை.

ஆனால், இக்கதையை மதிப்பவன் இதற்கு அப்பாலும் சிறிது தூரம் போகக் கடமைப்பட்டவன். அதே போர்த்துக்கேயர் 1620களிலே திருகோணமலையிற் கோணேசர் கோயிலை இடித்தனர். இடித்த கல்லைக்கொண்டே கோட்டையும் கட்டினர். அங்கும் சிவபெருமானே எழுந்தருளியிருந்தார். அங்கும் அடியார் அழுது வேண்டியிருப்பர். அங்கே நந்தி புல் தின்றதாகக் கதை எழவில்லை. கொக்கட்டிச்சோலைக் கதையைச் சொல்லும் நாவு கோணமலையில் நிகழ்ந்ததையும் சேர்த்துச் சொன்னாலன்றிக் கணக்கு நேராகாது.

இந்தக் கணக்கைப் பழைய கிரேக்க நாட்டிலே மீலோஸ் தீவைச் சேர்ந்த டயகோரஸ் என்பவர் கேட்டார் என்று உரோமப் பேரறிஞர் சிசெரோ எழுதிவைத்திருக்கிறார். சமோத்திராகித் தீவின் கோயிலிலே, புயலிற் சிக்கித் தெய்வத்தை வேண்டிக் கரைசேர்ந்தோர் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்கிறீரே, இத்தனை படங்களும் உம் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டாராம். வேண்டியும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டாராம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வினாவின் கூர் மழுங்கவில்லை. நிறைவேறிய வேண்டுதல் மேளத்தோடு ஊர்வலம் வருகிறது. நிறைவேறாதது வீட்டுக்குள் இருந்துவிடுகிறது. ஆதலால், ஊர்வலத்தை மட்டும் எண்ணுகிறவனுக்கு எல்லா வேண்டுதலும் பலித்ததாகவே தோன்றும்.

இருப்பினும், டயகோரஸ் கவனியாத ஒன்று நம்மிடம் உண்டு. அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்திலே ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்குத் திரளும் சனசமுத்திரத்தில், கேட்டது கிடைத்து நேர்கடன் செலுத்த வந்தோர் மட்டுமா நிற்கின்றனர்? கேட்டது கிடையாமலே மறுவருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் வந்து, அதே குளத்தில் மூழ்கி எழுந்து போகின்றவர்களை நம் ஒவ்வொரு குடும்பத்திலும் நாம் அறிவோம். மூழ்கிப்போனவர் படம் வைக்கவில்லை என்பது உண்மை. மூழ்கிப்போனவனின் தாய் மீண்டும் கோயிலுக்கு வருகிறாள் என்பதும் உண்மை. அவள் ஏன் வருகிறாள் என்பதை விளக்காத எந்த வாதமும், ஆத்திகமாயினும் நாத்திகமாயினும், பாதி வாதமே. இதற்கு நான் பின்னர் வருகிறேன்.

நம் நாட்டிலே இந்த விசாரணையைச் சந்தைவெளிக்குக் கொண்டுவந்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர்க் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்து, ஓய்வுபெற்ற பின் ஊர் ஊராகச் சென்று பேய் பிசாசுக் கதைகளை ஆராய்ந்த அவர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் ஓர் அற்புதத்தையேனும் செய்துகாட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இலே பகிரங்கமாக அறைகூவினார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்துச் சொன்னாற் போதும் என்பதும் அவர் விதித்தவற்றுள் ஒன்று. 1978இல் அவர் மறையும் வரை அத்தொகையை ஒருவரும் பெறவில்லை. மத்திய கல்லூரியிலே அவரிடம் வேதாகம பாடம் ஒப்படைக்கப்பட்டதாம். மாணவர் எல்லோரும் சிறப்பாகச் சித்தியெய்தினராம். ஆயினும் அடுத்த ஆண்டில் அப்பாடம் அவருக்குத் தரப்படவில்லையாம். சித்தியெய்திய மாணவர் அனைவரும் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பதே காரணம் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. கோவூரின் அறைகூவலை நான் நிந்தையாகக் கொள்வதில்லை. அவர் கேட்டது தளபதி கேட்ட அதே வினா. தளபதியிடம் வாள் இருந்தது, இவரிடம் காசோலை இருந்தது. மனிதரின் அச்சத்தை விற்றுப் பிழைக்கும் மந்திரவாதிகளிடமிருந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்களை அவர் காப்பாற்றினார். அற்புதத்தை விலைகூறி விற்பவன் அதன் நிரூபணத்துக்கும் பொறுப்பாளியே.

இனி, எண்ணிப் பார்த்தோரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1872இலே பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர், பிரித்தானிய நாட்டின் தேவாலயங்கள் அனைத்திலும் ஞாயிறுதோறும் அரசருடைய நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்தனை நடைபெறுகிறதே, அரசர் நீண்ட காலம் வாழ்கின்றனரா என்று கணக்கெடுத்தார். அரச குடும்பத்தினர் 97 பேரின் சராசரி ஆயுள் 64 ஆண்டு. எவரும் தனியே பிரார்த்திக்காத நிலவுடைமைச் செல்வரின் சராசரி 70. வழக்கறிஞருங்கூட 68ஐ எட்டினர். 2006இலே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹெர்பர்ட் பென்சன் என்னும் வைத்தியரும் குழுவினரும், இருதய சத்திரசிகிச்சை பெற்ற 1802 நோயாளரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதனினும் விசித்திரமானது. பிரார்த்தனை நடைபெறலாம், நடைபெறாமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்டோருள், பிரார்த்தனை பெற்றோரில் நூற்றுக்கு 52 பேருக்கும், பெறாதோரில் 51 பேருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. உமக்காக நிச்சயமாகப் பிரார்த்தனை நடைபெறுகிறது என்று அறிவிக்கப்பட்டவரிலோ அது 59 ஆயிற்று. தமக்காகப் பிரார்த்தனைக் குழுவையே அமர்த்தும் அளவுக்கு நிலைமை மோசமோ என்று அவர்கள் கலங்கியிருக்கலாம் என ஆய்வாளர்களே ஊகித்தனர்.

இவ்விரண்டுக்கும் இடையில், 2001இலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையின் நத்தார் இதழில், இஸ்ரவேல் நாட்டு வைத்தியர் லெயிபோவிச்சி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1990க்கும் 1996க்கும் இடையில் இரத்தத்தில் கிருமி தொற்றி வைத்தியசாலையில் இருந்த 3393 பேரின் பதிவேடுகளை எடுத்து, சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்காக 2000ஆம் ஆண்டிலே பிரார்த்தனை செய்வித்தார். நோய் தீர்ந்தோ உயிர் போயோ பல ஆண்டுகள் கழிந்தவர்களுக்கான பிரார்த்தனை! பார்த்தால், பிரார்த்தனை பெற்ற பாதியினர் அக்காலத்திலேயே சற்று விரைவாகக் காய்ச்சல் தணிந்து வீடு திரும்பியிருந்தனர். பின்னோக்கிப் பாயும் பிரார்த்தனையை நிலைநாட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. கேட்கும் கேள்வியே பொருந்தாததாயின், விதி பிசகாத புள்ளிவிபரமும் பொருந்தாத விடையையே தரும் என்று தம் துறையினருக்குச் சிரித்தபடி காட்டினார். வாதம் செய்வோர் அனைவரும் கற்கத் தக்க சிரிப்பு அது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவை மறையாது சொல்லுகிறேன். பிரார்த்தனையை மருந்தின் ஸ்தானத்தில் நிறுத்தி, இத்தனை வேளை, இத்தனை பேர், இத்தனை பலன் என்று அளக்கப் புகுந்தால், அந்தத் துலாக்கோலில் அது நிறை காட்டவில்லை. காட்டியதாகச் சொல்லும் துண்டுப்பிரசுரங்களை நம்பி, சர்க்கரை வியாதிக்காரர் ஊசியை நிறுத்திவிட்டுச் சுகமளிக்கும் கூட்டத்திற்குப் போவதோ, கடிய நோயைக் கோயிற் பூசகரான கட்டாடியாரின் திருநீற்றோடு மட்டும் விட்டுவிடுவதோ பெரும் பிழை. இதைச் சொல்லத் தயங்கும் பக்தன் தன் பக்தியின்மேல் ஐயம் உடையவன்.

நம் முன்னோர் இவ்விடத்துக்கு எப்போதோ வந்துவிட்டனர். கௌதமரின் நியாய சூத்திரத்து இரண்டாம் அத்தியாயத்தில், வேதம் பிரமாணம் ஆகாது என்று எதிர்வாதி எழுந்து, புத்திரனை வேண்டி இஷ்டி என்னும் வேள்வி செய்தோர்க்குப் புத்திரன் பிறக்கவில்லையே என்று பிரத்தியட்ச உதாரணத்தை எடுத்து வீசுகிறான். சித்தாந்தி சொல்லும் விடை: செய்த கருமத்திலோ, செய்த கர்த்தாவிலோ, கையாண்ட சாதனத்திலோ குறை இருந்திருக்கும். உரை எழுதிய வாத்ஸ்யாயனர், தீக்கடைகோலை உதாரணம் காட்டுகிறார். ஈரமான, துளைபட்ட கட்டையைக் கடைந்தால் தீ பிறவாது. அதனால், கடைந்தால் தீ வரும் என்னும் விதி பொய்யாகிவிடாது. கேட்பதற்கு அழகான விடைதான். ஆயினும் கடைகோலுக்கும் இஷ்டிக்கும் ஒரு பேதம் உண்டு. கட்டை ஈரமா, காய்ந்ததா என்பதைக் கடைவதற்கு முன்னரே கைவைத்து அறியலாம். இஷ்டியிற் குறை இருந்ததா என்பதோ, பிள்ளை பிறவாத பின்னரே கண்டுபிடிக்கப்படுகிறது. பலன் வந்தால் விதிக்குப் பெருமை, வராவிட்டாற் செய்தவனுக்குப் பழி என்று ஏற்படுத்திய வழக்கிலே, எதிர்வாதி என்றைக்கு வெல்வது?

ஒன்பதாம் நூற்றாண்டிலே காஷ்மீரத்தில் வாழ்ந்த ஜயந்த பட்டர், தம் நியாயமஞ்சரியில் இதே வழக்கை மீண்டும் எடுத்துக்கொண்டு, வேள்வி உடனே பலன் தரும் என்பதற்குத் தம் பாட்டனாரையே சாட்சிக்கு அழைக்கிறார். கிராமம் ஒன்றை விரும்பிச் சாங்கிரகணீ என்னும் இஷ்டியைச் செய்த அவர், அது முடிந்த கையோடு கௌரமூலகம் என்னும் கிராமத்தைப் பெற்றாராம். வேள்வி செய்தும் கிராமம் கிடையாத பாட்டன்மார் எத்தனை பேர் என்று டயகோரஸ் அருகில் இருந்தாற் கேட்டிருப்பார். ஆனால் ஜயந்தரை நான் நேசிப்பது அந்தச் சாட்சியத்துக்காகவன்று. அத்துணைப் பெரிய தர்க்க நூலை ஆக்கிய அவரே ஆகமடம்பரம் என்று ஒரு நாடகமும் எழுதினார். அதிலே மீமாம்சகன், பௌத்தன், சமணன், சார்வாகன் என்று எல்லாச் சமயத்தாரும் மேடையேறி வாதிடுகின்றனர், எல்லோருடைய வேஷமும் கலைகிறது, சபை சிரிக்கிறது. தம் கட்சியை உயிரினும் மேலாக மதித்த ஒருவர், அக்கட்சியின் பேரால் நடக்கும் ஆரவாரத்தைச் சிரிப்புக்கு உரியதாக்கத் தயங்கவில்லை. தமிழிலும் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திலே லோகாயதனுக்கே முதலிடம் கொடுத்து, கண்ணாற் காண்பதன்றி வேறு பிரமாணம் இல்லை என்னும் அவன் வாதத்தைக் கேட்ட பின்னரே மறுக்கப் புகுகிறார். எதிரியைப் பேசவிடாத ஆத்திகம் நம்முடைய மரபில் இல்லை.

நம் வாவிக்கரைக்கு வருவோம். மழை பொய்த்து வயல் வெடித்தாலும், அம்மை நோய் பரவினாலும் நம் கிராமங்களிலே கொம்புமுறி விளையாட்டு நடைபெற்றது. ஊரே இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, வடங்கட்டி, ஒன்று முறியும் வரை இரு பக்கமும் நின்று இழுப்பர். முறித்த கட்சி ஆரவாரத்தோடு ஊர்வலம் போகும்; தோற்ற கட்சியைப் பார்த்துப் பாடும் வசைப்பாட்டில் மாமன் மச்சான் என்ற தயவு கிடையாது, தோற்றவரும் சும்மா இருப்பதில்லை. இதனை வெறும் விளையாட்டென்று தள்ளுவோர் அதன் காலத்தைக் கவனிக்கவில்லை. ஊர் வரட்சியால் வாடும் நேரம். அம்மனிடம் மழை கேட்கும் நேரம். ஒருபுறம் மழைக்காவியம் பாடப்படுகிறது, மறுபுறம் கோவலன் பெரியவனா கண்ணகி பெரியவளா என்று ஊர் கிண்டலடித்துச் சிரிக்கிறது. பிரார்த்தனையும் பரிகாசமும் ஒரே வளவுக்குள்ளே, ஒரே இரவிலே நடந்தன. வைகாசியிற் கேட்ட மழை ஐப்பசியிற்றானே வந்தது, அது அம்மன் தந்ததா வடகீழ்ப் பருவக்காற்றுத் தந்ததா என்று அன்றைய வடசேரியான் ஒருவனும் கேட்டிருக்கமாட்டான் என்று யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்? கேட்டிருந்தால், அதற்குத் தென்சேரியில் ஒரு பாட்டே பதிலாகக் கிடைத்திருக்கும். ஒருவரையும் ஊரை விட்டு விலக்கியிருக்கமாட்டார்கள்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பற்றியும் இதே வகைப் பேச்சு உண்டு. தணலின்மேற் படிந்த சாம்பலும் மரக்கரியும் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், பாதம் படுவதும் கணநேரமே, ஆதலாற் சுடுவதில்லை என்பதை 1935இலே இங்கிலாந்தில் குடா பக்ஷ் என்னும் காஷ்மீரத்தவரைத் தணலில் நடக்கவைத்து ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டினர். இவ்விளக்கம் சரியென்றே நான் கொள்கிறேன். பதினெட்டு நாள் விரதமிருந்து, மகாபாரதக் கதை முழுவதையும் தன் ஊர் வீதியில் வாழ்ந்துவிட்டு அந்தக் குழியின் விளிம்பில் வந்து நிற்பவனுக்கும் இதைச் சொல்லலாம்; அவன் நடந்த நடை அதனாற் சிறிதாகிவிடாது.

சபையோர்களே, சிரிப்புக்கு இடமில்லாத இடத்துக்கு இப்போது வரவேண்டியிருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர், தொழுத நிலையிலேயே சுடப்பட்டு மடிந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள், பூரணையும் ஞாயிறும் கூடிய காலையிலே, நாவலடியையும் கல்லடியையும் கடல் வந்து வாரிச் சென்றது; கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சரிந்து நின்றதை நாம் எல்லோரும் கண்டோம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறுப் பாடசாலை முடித்து நின்ற சிறுவர்கள் குண்டுக்கு இரையாகினர். மூன்று சமயத்தாரும் இந்தச் சிறிய நிலத்துண்டிலே, பிரார்த்தித்துக்கொண்டிருந்தபோதே பிரார்த்தனை காவாத நிலையை அனுபவித்துவிட்டோம். காணாமற் போன பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கோயில், பள்ளி, தேவாலயம் என்ற பேதமில்லாமல் ஏறி இறங்கும் தாய்மாரை நான் தனியே சொல்லவேண்டியதில்லை.

இத்தகைய ஒரு தாயிடம் போய், நீ நேர்ந்த நேர்த்தியிலே ஏதோ குறை என்கிறான் ஒருவன். உன் விசுவாசம் கடுகளவும் இல்லை என்கிறான் இன்னொருவன். முற்பிறப்பின் வினை என்கிறான் வேறொருவன். கருமம், கர்த்தா, சாதனம் என்ற அந்தப் பழைய விடை தர்க்கசாலையில் இருந்தவரை ஒரு நுட்பமான தப்பித்தல். இழவுவீட்டின் திண்ணையில் வந்து உட்கார்ந்தவுடன் அது கொடுமையாகிவிடுகிறது. தெய்வத்தின் கீர்த்தியைக் காப்பாற்றுவதற்காக அழுகிறவளைக் குற்றவாளியாக்கும் இந்த வாதத்தை, எந்த மேடையிலிருந்து யார் சொன்னாலும், அது ஆத்திகம் ஆகாது என்று நான் அழுத்திச் சொல்லுகிறேன். அவளிடம் சென்று, பார்த்தாயா, கடவுள் இல்லை என்று வெற்றி கொண்டாடும் பகுத்தறிவாளனும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது பிள்ளையை.

அவள் ஏன் மீண்டும் கோயிலுக்கு வருகிறாள் என்ற வினாவை இப்போது எடுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்புத் தமிழகத்தில், தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, செட்டிபாளையம், மகிழடித்தீவு, முதலைக்குடா என்று ஊர்தோறும் கோயில் கொண்டிருக்கும் நம் அம்மன் யார்? கணவன் களவுப்பழி சுமந்து கொலையுண்டான் என்ற செய்தி கேட்டு, எஞ்சியிருந்த ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் சபைக்குச் சென்றவள். அவள் அங்கே சாபத்தை முதலில் எடுக்கவில்லை, சாட்சியத்தை எடுத்தாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று ஒப்புக்கொண்டான். சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது, தீர்ப்பு அவள் பக்கம் ஆயிற்று. இந்த வழக்கைத்தான் வைகாசியிலே கதவு திறந்த நாள் முதல் நம் கோயில்களில் வழக்குரை காவியமாக இரவிரவாகப் படிக்கின்றனர், பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இலே பதிப்பித்துத் தந்த கண்ணகி வழக்குரை அதுவே. தெய்வத்தின் முன்னிலையில் நாம் ஓதும் புராணமே ஒரு நீதிமன்ற நடவடிக்கையாக இருக்கிறது. தடயத்தை உடைத்துக் காட்டி மெய்ப்பித்த ஒருத்தியை வணங்கும் மக்களிடம், பிரமாணம் கேட்பது தெய்வ நிந்தை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால், இதனினும் பெரிய ஒன்று அக்கதையில் இருக்கிறது. இத்தனை காலமும் இரவிரவாகக் கேட்டும் அதனை நாம் போதிய அளவு எண்ணவில்லை என்று தோன்றுகிறது. கண்ணகி வழக்கில் வென்றாள். கோவலன் திரும்பி வரவில்லை. அவளுடைய சாட்சியம் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டது, அரசன் தன் பிழையை உணர்ந்து உயிரையே விட்டான், மதுரை எரிந்தது. அவள் வேண்டிய அந்த ஒன்று மட்டும் நிறைவேறவில்லை. பலித்த வேண்டுதலின் அடையாளமாக அவள் தெய்வமாகவில்லை. பலியாத வேண்டுதலோடு நின்றவள், நீதியைக் கேட்டுப் பெற்றவள் என்பதனாலேயே நம் ஊர் அவளைத் தெய்வமாகக் கொண்டது. பிள்ளையை இழந்த தாய், கேட்டதெல்லாம் தரும் செல்வச் சீமாட்டி ஒருத்தியின் வாயிலுக்கு வரவில்லை. தன்னைப் போல இழந்தவளிடம் வருகிறாள். டயகோரஸ் தேடிய படம், மூழ்கிப்போனவரின் படம், நம் கோயில்களிலே மூலஸ்தானத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சடங்கு முடியும் முறையையும் பாருங்கள். வழக்குரை படித்து முடிந்து, வைகாசிப் பூரணையை ஒட்டிய நாளில் குளிர்த்தி பாடப்படுகிறது. கொதித்து நிற்கும் அம்மனைக் குளிரும்படி ஊரார் வேண்டுகின்றனர், தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. மழை வேண்டும், நோய் தீரவேண்டும் என்ற விண்ணப்பமும் அதற்குள் இருப்பது மெய்யே. எனினும், அந்த நேரத்தில் ஊர் செய்கிற முதன்மையான காரியம் ஆற்றுவது. நியாயம் கிடைத்தும் ஆறாத துயரோடு நிற்கும் ஒருத்தியை, அவளை வணங்குவோரே ஆற்றுகின்றனர். இங்கே யார் யாரிடம் பிரார்த்திக்கிறார் என்று பிரித்தறிவது கடினம். இத்தகைய பிரார்த்தனைக்குப் பலன் உண்டா என்று கால்ட்டனின் அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்க இயலாது. ஒதுக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆறுதல் பெற்றவள் தன்னளவில் அதற்குச் சாட்சி. பெறாதவள் அடுத்த வைகாசியிலும் வந்து அதே வழக்கைக் கேட்கிறாள், அதற்கு அவளுக்கு முழு உரிமையும் உண்டு.

ஆதலால், இச்சபையிலே கோயில் வண்ணக்கர்மாரும் இளைஞரும் ஒருங்கே இருப்பதனால், ஒரு வேண்டுகோளைச் செய்து முடிக்கிறேன். கொம்புமுறியின் வசைப்பாட்டுக்கள் முதியோர் நாவோடு போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கெட்ட வார்த்தை என்று ஒதுக்காமல், எந்தச் சேரியார் எந்தச் சேரியாரைப் பார்த்துப் பாடியது என்ற குறிப்போடு எழுதி எடுங்கள். சடங்கு நாட்களில், குளிர்த்திக்கு முந்திய ஏதாவது ஒரு மாலைப்பொழுதை, கோயில் வீதியிலேயே, பிரார்த்தனை பலிக்குமா என்ற கேள்விக்கு ஒதுக்கிக் கொடுங்கள். கட்டாடியாரும் பேசட்டும், விஞ்ஞான ஆசிரியரும் பேசட்டும், பலியாத நேர்த்தி வைத்திருப்பவர்களும் விரும்பினாற் பேசட்டும். கேட்டுச் சிரிக்கப் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் இடம் விடுங்கள்.